பழைய மரப் பாய்மரப் படகுகளின் ஆண்டுப் பந்தயம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய மரப் படகுகளின் பந்தயங்களில் பல ஆண்டுகள் மாலுமியாகப் போயிருக்கிறேன். சில முறை நடுவர் படகில் உட்கார்ந்து நேரமும் குறித்திருக்கிறேன். கரையில் நின்று பார்ப்பவர்கள், முதல் முறை படகேறுபவர்கள், பழைய படகு வாங்க ஆசைப்படுபவர்கள் என்று எல்லோரும் சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படியுங்கள். முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை.

ரெகாட்டான்னா என்ன? படகுப் போட்டிக்கே இன்னொரு பேரா?

வெனிஸ் நகரத்துப் பேச்சிலிருந்து வந்த சொல் அது. ஒரே ஓட்டத்தோடு முடிவது போட்டி. பல வகைப் படகுகள் ஒரே துறைமுகத்தில் கூடி, சில நாட்கள் தொடர்ந்து ஓடி, ஒவ்வொரு நாள் புள்ளியையும் கூட்டிப் பார்த்து வெற்றி சொல்வது ரெகாட்டா. முதலாவதாக வந்தால் 1 புள்ளி, இரண்டாவதற்கு 2, இப்படியே போகும். கடைசியில் யாருக்குக் குறைந்த புள்ளியோ அவர் வென்றவர்.

பழைய படகுகளுக்கென்றே ஆண்டுதோறும் நடப்பவை உலகில் பல உண்டு. பிரான்சின் தென்கரையில் கான் நகரிலும் செயின்ட் ட்ரோப்பேயிலும் செப்டம்பர், அக்டோபரில் நடக்கின்றன. கரீபியனில் ஆன்டிகுவாவில் ஏப்ரலில் கூடுவார்கள். அமெரிக்காவின் நான்டக்கெட் தீவில் 1973 முதல் ஓப்பரா ஹவுஸ் கோப்பைப் பந்தயமும், மேய்ன் மாநிலக் கரையில் 1985 முதல் எகமாகின் ரீச் பந்தயமும் நடக்கின்றன.

எவ்வளவு பழசா இருந்தா கிளாசிக்? எங்க தாத்தா காலத்துப் படகு எல்லாமே சேருமா?

வயது மட்டும் போதாது. மத்தியதரைக் கடல் பந்தயங்களுக்கு விதி வகுக்கும் சி.ஐ.எம். என்ற குழு இரண்டு கோடு போட்டிருக்கிறது. 1950க்கு முன் நீரில் இறங்கியவை ‘வின்டேஜ்’. அதற்குப் பிறகு 1975 முடிய இறங்கியவை ‘கிளாசிக்’. இரண்டிலும், கட்டியபோது இருந்த உருவத்தை விட்டு அதிகம் விலகியிருக்கக் கூடாது. உடலை வெட்டி நீட்டியோ மேல்தட்டில் புதிதாக அறை எழுப்பியோ இருந்தால் அசல்தன்மைக்கான மதிப்பு குறையும், சில சமயம் சேர்க்கவே மாட்டார்கள்.

1975 என்ற கோடு ஏன் என்று கேட்பார்கள். 1960களில் ஃபைபர்கிளாஸ் வந்து அச்சில் வார்த்த படகுகள் பெருகின. மரத்தில் ஒவ்வொன்றாகக் கட்டும் வழக்கம் அந்தக் காலத்தோடு பெரிதும் நின்றுபோனது. இன்னொரு விஷயம்: சி.ஐ.எம். விதி பழைய இரும்பு, எஃகுப் படகுகளையும் ஏற்கும். நான்டக்கெட், எகமாகின் போன்றவை மரத்துக்கு மட்டுமே.

இப்போ புதுசா மரத்துல கட்டினா சேர்த்துக்குவாங்களா?

பல இடங்களில் சேர்ப்பார்கள், ஆனால் தனிப் பிரிவில். பழைய வரைபடத்தைப் பார்த்து அப்படியே கட்டியதா, பார்வைக்குப் பழையது போலிருந்து நீருக்கடியில் நவீன வடிவம் கொண்டதா என்பதைப் பொறுத்துப் பிரிவு மாறும். நூறு வயதுப் படகோடு அதை நேராக மோதவிட மாட்டார்கள்.

ஃபைபர்ல கட்டினா வேலை மிச்சம். மரத்துல அப்படி என்ன இருக்கு?

வேலை மிச்சம் என்பது உண்மைதான். மரப் படகு எப்படி நிற்கிறது என்று பார்த்தால் மீதி புரியும். அடியில் முதுகெலும்பு போல ஏரா மரம். அதிலிருந்து இரண்டு பக்கமும் விலா எலும்பு போல வங்குகள் எழும். அந்த வங்குகளின் மேல் பலகைகளை விளிம்போடு விளிம்பு பொருத்தி அறைவார்கள். பலகைக்கும் பலகைக்கும் இடையில், வெளிப்பக்கம் சற்று அகன்று உள்ளே குறுகும் ஒரு மெல்லிய இடுக்கு இருக்கும். பருத்தி நூலைத் திரித்து, தட்டையான உளியும் மரச் சுத்தியலும் கொண்டு அந்த இடுக்கில் அடித்து இறுக்கி, மேலே மக்கு பூசுவார்கள். கலப்பத்து அடிப்பது என்று சொல்வது இதைத்தான்.

கைதேர்ந்தவர் கலப்பத்து அடிக்கும்போது பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். நூல் சரியாக இறுகியதும் சுத்தியலின் ஓசை மாறுகிறது. மந்தமாக விழுந்த அடி கணீரென்று ஒலிக்கும், அவர் அடுத்த சாணுக்கு நகர்ந்துவிடுவார். அதிகம் அடித்தால் பலகை வங்கை விட்டு விலகிவிடும். அளவு காதில்தான் இருக்கிறது.

இப்படிக் கட்டியதில் ஒரு பலகை கெட்டால் அந்தப் பலகையை மட்டும் கழற்றி மாற்றலாம். ஒரு வங்கு உடைந்தால் அதன் அருகிலேயே இன்னொன்று வைத்துப் பிணைக்கலாம். கட்டிய தச்சரும் வரைந்தவரும் மறைந்து எண்பது ஆண்டு ஆன பிறகும் இன்னொரு தச்சர் உள்ளே குனிந்து பார்த்து, ‘இது இப்படித்தான் செய்திருக்கிறார்கள்’ என்று படித்து, தொடர்ந்து வேலை செய்ய முடிகிறது. இந்தத் தொடர்ச்சிக்காகத்தான் நான் மரத்தின் பக்கம் நிற்கிறேன்.

வருஷக்கணக்கா தண்ணியில கிடந்தா மரம் அழுகாதா?

எல்லோரும் கடல்நீருக்குப் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியது மழைநீருக்கு. அழுகல் என்பது பூஞ்சையின் வேலை. அதற்கு ஈரமும் காற்றும் சேர்ந்து வேண்டும். கடலுக்குள் முழுக ஊறிய பலகையில் காற்றுக்கு இடமில்லை, உப்பும் பூஞ்சைக்கு ஆகாது. மேல்தட்டின் மூட்டு வழியே மழைநீர் சொட்டிக் காற்றோட்டமில்லாத மூலையில் தேங்கினால், சில ஆண்டுகளில் மரம் கேக் போலப் பொடியும். அதனால்தான் பழைய மாலுமிகள் மேல்தட்டைக் கடல்நீரால் கழுவுகிறார்கள்.

கடலில் உண்மையான எதிரி கப்பல் புழு. பெயர்தான் புழு, உண்மையில் அது சிப்பி இனம். குண்டூசி முனை அளவு துளையில் குஞ்சாக நுழைந்து, மரத்துக்குள்ளேயே விரல் பருமனுக்குச் சுரங்கம் தோண்டும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. செம்பு கலந்த வண்ணம் பூசுவது இதற்காக. உப்புக் குறைந்த நீரில் இந்தப் புழு பிழைக்காது. 1628இல் ஸ்டாக்ஹோமில் மூழ்கிய வாசா கப்பல் 1961இல் கிட்டத்தட்ட முழுசாக மேலே வந்ததற்கு பால்டிக் கடலின் அந்தக் குறைந்த உப்பே பெரிய காரணம்.

வண்ணம் பூசி புதுசா இறக்கின படகுக்குள்ள தண்ணி வருது. ஓட்டையா?

பயப்படாதீர்கள். மாதக்கணக்கில் கரையில் காய்ந்த பலகை சுருங்கியிருக்கும். நீரில் இறக்கியதும் இடுக்குகள் வழியே தண்ணீர் வரத்தான் செய்யும். பலகை ஊறி உப்ப உப்ப, ஒன்றையொன்று நெருக்கி, உள்ளே இருக்கும் பருத்தியையும் இறுக்கிப் பிடிக்கும்.

முதல் இரவு யாராவது உள்ளே படுத்திருக்க வேண்டும். நான் படுத்திருக்கிறேன். நீரிறைக்கும் பம்ப் முதலில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஓடும். நடுநிசியில் கால் மணிக்கு ஒரு முறை. இரண்டாம் நாள் விடியலில், பம்ப் ஓடி எவ்வளவு நேரமாயிற்று என்று யோசித்துப் பார்க்கும்படி ஆகிவிடும். மூன்று நாளாகியும் குறையவில்லை என்றால்தான் தச்சரைக் கூப்பிட வேண்டும்.

முன்னாலயும் பின்னாலயும் ஏன் இவ்வளவு நீட்டிக்கிட்டு இருக்கு? அழகுக்கா?

அழகு அதில் கிடைத்த லாபம். காரணம் வேகமும் விதியும். நீரைப் பிளந்து போகும் கனமான படகின் உச்ச வேகத்தை நீர்க்கோட்டின், அதாவது நீர்மட்டம் படகுடலைத் தொடும் கோட்டின், நீளம் தீர்மானிக்கிறது. நீர்க்கோட்டை அடிக் கணக்கில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் தோராயமாக நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கில் வேகம் வரும். 36 அடிக்கு 8 நாட். 45 அடிக்கு 9 நாட்.

பழைய அளவு விதிகள் படகு நேராக நிற்கும்போது நீர்க்கோட்டை அளந்து, நீளமானதற்குத் தண்டனை போட்டன. வரைந்தவர்கள் என்ன செய்தார்கள்? நேராக நிற்கும்போது நீர்க்கோடு குறுகியும், காற்றில் சாய்ந்ததும் முன்னும் பின்னும் நீண்டிருக்கும் பகுதி நீரில் படிந்து கோடு நீளும்படியும் வரைந்தார்கள். துறைமுகத்தில் பார்க்கும் படகும் கடலில் சாய்ந்து ஓடும் படகும் உண்மையிலேயே வேறு வேறு நீளம் கொண்டவை.

பதினைஞ்சு மீட்டர் படகுன்னு சொன்னாங்க. அளந்து பார்த்தா 23 மீட்டர் இருக்கே?

சொன்னது நீளமல்ல, வகுப்பின் பெயர். 1907ஆம் ஆண்டின் சர்வதேச விதி, நீளம், சுற்றளவு, பாயின் பரப்பு எல்லாவற்றையும் ஒரு சூத்திரத்தில் போட்டு ஒரே எண்ணாகச் சுருக்கியது. அந்த எண் 15 மீட்டரைத் தாண்டாமல் இருந்தால் அது 15 மீட்டர் வகுப்பு. இதே வழியில் 6, 8, 12 மீட்டர் வகுப்புகளும் உண்டு. 1958 முதல் 1987 வரை அமெரிக்காஸ் கோப்பை என்ற புகழ்பெற்ற பாய்மரப் பந்தயத்தில் ஓடியது 12 மீட்டர் வகுப்பு.

15 மீட்டர் வகுப்பில் இன்றும் ஓடுபவை நான்கு: டுய்கா, ஹிஸ்பானியா, மரிஸ்கா, லேடி ஆன். நான்கையும் வரைந்தது ஸ்காட்லாந்தின் ஃபேர்லி ஊரைச் சேர்ந்த வில்லியம் ஃபைஃப். அவர் படகுகளை முனையிலிருந்தே அடையாளம் காணலாம். முன்பக்கம் ஒரு டிராகன் தலை செதுக்கியிருக்கும், அதன் வால் படகின் பக்கவாட்டில் தங்கக் கோடாக நீளும். 1909இல் இறங்கிய டுய்காவும் மற்ற மூன்றும் ஒரே கோட்டில் புறப்படுவதைப் பார்க்கக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

பாய் ஏன் பழுப்பு வெள்ளையா இருக்கு? இன்னும் பருத்தியா?

அநேகமாக இல்லை. பருத்திப் பாய் நனைந்தால் கனக்கும், காயாமல் சுருட்டினால் பூஞ்சை பிடிக்கும், காற்றில் உருவம் தளரும். இப்போது நெய்த பாலியெஸ்டர் துணியைப் பருத்தி நிறத்தில் சாயமேற்றித் தைக்கிறார்கள். கார்பன், கெவ்லார் பாய்களைப் பெரும்பாலான கிளாசிக் பந்தயங்கள் அனுமதிப்பதில்லை. விறைப்பான அந்தப் பாய்கள் பழைய மரத்தின் மேல் ஏற்றும் சுமை அதிகம், அதனால் இந்தத் தடை மிகச் சரி என்பேன்.

ரெண்டு பாய்மரம் இருக்கறதுக்கெல்லாம் ஒரே பேரா?

இல்லை. முன்மரம் குட்டையாகவோ சமமாகவோ இருந்து பின்மரம் பெரிதானால் ஸ்கூனர். முன்மரம் பெரிதாக, சின்னப் பின்மரம் சுக்கான் அச்சுக்கு முன்னால் நின்றால் கெட்ச், பின்னால் நின்றால் யால். ஒற்றை மரத்தில் முன்னால் ஒரே பாய் என்றால் ஸ்லூப், இரண்டு மூன்று என்றால் கட்டர். பிரதான பாய் முக்கோணமாக இல்லாமல் நான்கு மூலையோடு, மேலே சாய்ந்த ஒரு கட்டையில் தொங்கினால் அது காஃப் பாய். இவ்வளவு தெரிந்தால் கரையிலிருந்து பெயர் சொல்லப் போதும்.

முதல்ல வந்த படகு ஜெயிக்கலைன்னு சொல்றாங்க. இது என்ன நியாயம்?

நீர்க்கோடு நீண்டால் வேகம் கூடும் என்று மேலே சொன்னேன் அல்லவா? அப்படியானால் பெரிய படகு எப்போதும் முதலில் வரும், பந்தயம் என்று ஒன்று தேவையே இல்லை. அதனால் ஒவ்வொரு படகுக்கும் அதன் நீளம், எடை, பாய்ப்பரப்பு, பாய் வகை, வயது பார்த்து ஒரு பெருக்கெண் கொடுப்பார்கள். ஓடிய நேரத்தை அந்த எண்ணால் பெருக்கி வருவதே கணக்கு.

ஓர் எடுத்துக்காட்டு. பெரிய படகு 2 மணி 50 நிமிடத்தில் முடிக்கிறது. அதன் எண் 1.02. 170 நிமிடத்தை 1.02ஆல் பெருக்கினால் 173.4. சிறிய படகு 3 மணி 10 நிமிடம் எடுக்கிறது. அதன் எண் 0.90. 190 நிமிடத்தை 0.90ஆல் பெருக்கினால் 171. இருபது நிமிடம் பின்னால் வந்த சிறிய படகு 2 நிமிடம் 24 விநாடியில் வெல்கிறது. நேரம் குறிக்கும் வேலையில் இருந்தபோது எனக்குப் பிடித்த பகுதி இது. கடைசிப் படகு கோட்டைக் கடக்கும் வரை யார் வென்றார் என்று சொல்ல முடியாது.

இந்தக் கணக்கு பிடிக்காதவர்களுக்காகச் சில பந்தயங்களில் துரத்தல் முறை உண்டு. மெதுவான படகை முதலில் அனுப்பி, வேகமானதைக் கடைசியில் அனுப்புவார்கள். கழிக்க வேண்டியதைப் புறப்படும்போதே கழித்துவிடுவதால், முதலில் கோட்டைத் தொட்டவர் வென்றவர். பார்ப்பவர்களுக்கு இதுதான் சுவை, எல்லாப் படகும் கடைசியில் நெருக்கமாக வந்து சேரும்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எல்லாரும் ஏன் சுத்திச் சுத்தி வராங்க?

பாய்மரப் படகுக்கு நின்ற இடத்திலிருந்து கிளம்பத் தெரியாது. ஓடிக்கொண்டே வந்து, நேரம் சுழியாகும் அதே விநாடியில் கோட்டைக் கடக்க வேண்டும். நடுவர் படகில் 5 நிமிடம் இருக்கையில் வகுப்புக் கொடி ஏறும், ஒலி எழும். 4 நிமிடத்தில் ஆயத்தக் கொடி. 1 நிமிடத்தில் அது இறங்கும். பிறகு புறப்பாடு. ஒரு விநாடி முந்திக் கடந்தாலும் திரும்பி வந்து மறுபடி கடக்க வேண்டும்.

ஐம்பது டன் மரப் படகுக்கு அது லேசான தண்டனை இல்லை. நீண்ட ஏரா கொண்ட படகு பெரிய வட்டம் போட்டுத்தான் திரும்பும், இழந்த வேகம் திரும்ப வரப் பல நிமிடமாகும். அதனால் நல்ல படகுத் தலைவர்கள் இரண்டு விநாடி பிந்தினாலும் பரவாயில்லை என்று முழு வேகத்தோடு வருவார்கள்.

நேருக்கு நேர் வந்தா யார் வழி விடணும்?

மூன்று விதி தெரிந்தால் முக்கால்வாசி புரியும். வலப்பக்கத்திலிருந்து காற்று வாங்கும் படகுக்கு, இடப்பக்கத்திலிருந்து வாங்கும் படகு வழிவிட வேண்டும். இரண்டும் ஒரே பக்கத்திலிருந்து வாங்கி அக்கம்பக்கமாக ஓடினால், காற்று வரும் திசையில் இருப்பது விலக வேண்டும். பின்னால் வருவது முன்னால் போவதற்கு ஒதுங்க வேண்டும். இவை உலகப் பாய்மரச் சங்கத்தின் பொது விதிகள்.

கிளாசிக் பந்தயங்களில் இதற்கு மேலும் இடைவெளி கேட்பார்கள். உரிமை இருக்கிறது என்பதற்காக மற்றவரை நெருக்கித் திருப்பும் தந்திரங்களைப் பல போட்டிகள் தடை செய்கின்றன. உரசினால் பந்தயம் போவது கிடக்கட்டும், 1910இல் இழைத்த பலகை போகும்.

உண்மையிலேயே மோதியிருக்காங்களா, இல்ல சும்மா பயமுறுத்தறீங்களா?

மோதியிருக்கிறார்கள். செயின்ட் ட்ரோப்பேயில் 1981இல் ப்ரைட், இக்ரா என்ற இரண்டு படகுகளின் சவாலில் தொடங்கி ஆண்டுதோறும் பெருகிய பந்தயத்துக்கு நியுலார்க் என்று பெயர். 1995இல் அதில் மரியட் என்ற 1915ஆம் ஆண்டின் பெரிய ஸ்கூனரும் 6 மீட்டர் வகுப்புச் சிறுபடகு ஒன்றும் மோதிக்கொண்டன. சிறுபடகின் மாலுமி ஒருவர் இறந்தார். பந்தயம் நின்றுபோய், 1999இல்தான் ‘லே வால் த செயின்ட் ட்ரோப்பே’ என்ற புதுப் பெயரில் மீண்டது.

பெரிய படகையும் சிறிய படகையும் தனித்தனி நேரத்தில் அனுப்புவதும், இடைவெளியைப் பற்றி நாங்கள் ஓயாமல் பேசுவதும் இதனால்தான். சுக்கான் பிடிப்பவருக்கு முன்பாயின் மறைவில் தாழ்வான படகு கண்ணுக்கே தெரியாது. முன்முனையில் ஒருவர் உட்கார்ந்து கையசைத்துச் சொன்னால்தான் உண்டு. அந்த வேலையைப் புதியவரிடம் கொடுக்காதீர்கள்.

திரும்பும்போது ஏன் எல்லாரும் அப்படிக் கத்தறாங்க?

பின்காற்றில் ஓடும்போது பாயை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாற்றும் நேரத்தைத்தான் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பழைய படகுகளில் பாய்மரத்தைப் பின்பக்கம் இழுத்துப் பிடிப்பது நிலையான கம்பி அல்ல. இருபுறமும் ஒவ்வொரு ரன்னர் கம்பி இருக்கும். காற்று வரும் பக்கத்து ரன்னர் இறுகியிருக்க வேண்டும். மறுபக்கத்தது தளர்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பூம், அதாவது பிரதான பாயின் அடிவிளிம்பைத் தாங்கும் நீண்ட கட்டை, வெளியே போக முடியாது. பாய் மாறும் சில விநாடிக்குள் இரண்டும் இடம் மாறியாக வேண்டும்.

நான் ரன்னரில் நின்ற நாட்களில் இப்படித்தான் நடக்கும்: நடுவில் பாயை இழுப்பவர்கள் கை மேல் கை போட்டுக் கயிற்றை வாரிக்கொண்டிருப்பார்கள். தலைக்கு மேலே எங்கள் இடுப்புப் பருமன் பூம் உள்ளே வந்துகொண்டிருக்கும். புதிய ரன்னரின் தளர்ச்சியை நான் கையாலேயே வாங்கி, விஞ்ச் என்ற கயிறு இறுக்கும் உருளையில் மூன்று சுற்றுப் போட்டு, கைப்பிடியைச் சுழற்றி, அது விறைத்ததும் ‘ரன்னர் ஆன்’ என்று கத்துவேன். அந்தக் குரல் கேட்ட பிறகே எதிர்ப்பக்கத்துக்காரர் பழையதை விடுவார், சுக்கான்காரர் படகைத் திருப்பி முடிப்பார். நான் சொல்லாமல் அவர் திருப்பினால் மரம் முறிந்து எங்கள் தலைமேல் விழும். கோபத்தில் கத்துவதாக நினைக்காதீர்கள், வேலை முடிந்ததென்று தகவல் சொல்கிறோம்.

எஞ்சின் இருக்கே, யாருக்கும் தெரியாம போட்டா?

பந்தயத்தில் எஞ்சினை ஓட்டத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. மோதலைத் தவிர்க்கவோ ஆளைக் காப்பாற்றவோ போட்டால் தயங்காமல் போட்டுவிட்டு நடுவரிடம் சொல்லிவிடுங்கள். ஏமாற்ற நினைப்பவரை அவருடைய மாலுமிகளே விட்டுப் போய்விடுவார்கள்.

எனக்குப் படகே இல்லை. நானும் ஓட முடியுமா?

முடியும். பெரிய காஃப் கட்டருக்கு இருபது பேருக்கு மேல் வேண்டியிருக்கும். எந்த ஆண்டும் யாராவது கடைசி நேரத்தில் வராமல் போவார்கள். பந்தயத்துக்கு ஒரு நாள் முன்பே துறைக்கு வாருங்கள். மாலுமிப் பட்டியல் ஒட்டும் பலகை இருந்தால் பெயர் எழுதுங்கள், இல்லாவிட்டால் படகு படகாகக் கேளுங்கள். தெரியாததைத் தெரியும் என்று சொல்லாதீர்கள். கயிறு இழுக்கத் தெரிந்து, சொன்னதைக் கேட்பவருக்கு எப்போதும் இடம் உண்டு.

கறை விடாத, வெள்ளை அடிப்பாகம் கொண்ட மெத்தென்ற காலணி போடுங்கள். கறுப்பு அடிப்பாகம் தேக்குத் தட்டில் கோடு போடும். வார்னிஷ் பளபளக்கும் எந்த இடத்திலும் மிதிக்காதீர்கள், அது எட்டுப் பத்துப் பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் தேய்த்து வளர்த்தது. ஏறும் முன் கேளுங்கள். மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள், கயிறு அதில் மாட்டினால் விரல் போய்விடும்.

கரையில இருந்து பார்க்க எங்க நிக்கலாம்?

புறப்படும் கோட்டுக்கு நேராகத் தெரியும் மேடான இடம் முதலில். அங்கே முடித்ததும், காற்று வரும் திசையில் போட்டிருக்கும் மிதவை தெரியும் முனைக்கு நடந்துவிடுங்கள். எல்லாப் படகும் அங்கே திரும்ப வேண்டும். மாலையில் துறைக்கு வந்து படகுகள் கட்டப்படுவதைப் பார்க்கத் தவறாதீர்கள்.

பலகை, வங்கு, பாய்மரம் எல்லாம் மாத்தியாச்சு. அப்புறம் அது எப்படி 1909ஆம் வருஷப் படகு?

கேள்விகளிலேயே கடினமானது இது, சண்டை வரைக்கும் போயிருக்கிறது. விதிக்காரர்கள் பார்ப்பது வரைபடத்தோடு உருவம் பொருந்துகிறதா, பழைய முறையில், ஒத்த மரத்தில் மாற்றினார்களா, பதிவுகள் விட்டுப் போகாமல் இருக்கின்றனவா என்பதை. ஈய ஏராவும் வெண்கலப் பாகங்களும் பெரும்பாலும் முதலில் வைத்தவையாகவே இருக்கும்.

என் கருத்தைச் சொல்கிறேன். ஒவ்வொரு குளிர்காலத்திலும் சில பலகை என்று நூறு ஆண்டாக மாற்றி வந்த படகு அதே படகுதான். புதுப் பலகை ஒவ்வொன்றும் பக்கத்திலிருந்த பழைய பலகையை அளவாக வைத்து இழைக்கப்பட்டது. ஒரே சமயத்தில் முழுவதையும் பிரித்துப் போட்டு, ஈயத்தை மட்டும் வைத்துக்கொண்டு கட்டியதை நான் பிரதி என்றே சொல்வேன். நல்ல பிரதியாகவும் இருக்கலாம், அதில் இழிவு ஒன்றும் இல்லை. எதை எப்போது மாற்றினார்கள் என்று மறைக்காமல் எழுதி வைத்தால் போதும்.

இவ்வளவு அருமையான படகைப் பந்தயத்துல விட்டு ஏன் பாழாக்கணும்? மியூசியத்துல வைக்கலாமே?

மனசார அக்கறையோடு கேட்கப்படும் கேள்வி. ஆனால் உலர்ந்த கூடம் மரப் படகைக் காப்பதில்லை. நீர் எல்லாப் பக்கமும் சமமாகத் தாங்கிய உடல், கரையில் சில முட்டுகளின் மேல் நிற்கும்போது நுனிகள் தொங்கி வளைகிறது. பலகை சுருங்கி, மேலே சொன்ன இடுக்குகள் விரல் நுழையும் அளவுக்குத் திறக்கின்றன. துறையில் ஓடாமல் கட்டிக் கிடந்தாலும் இதே கதிதான். காற்றோட்டம் நின்று, மழைநீர் தேங்கி, யாரும் உள்ளே போய்ப் பார்ப்பதில்லை. ஆண்டுக்கொரு பந்தயம் இருந்தால், அதற்கு முன் யாராவது அடிவரை இறங்கிப் பார்த்துத்தான் ஆக வேண்டும். தச்சருக்கும் பாய் தைப்பவருக்கும் வேலை இருக்கும், அவர்களிடம் கற்க இளையவர்கள் வருவார்கள்.

டோரேட் என்ற யாலைப் பாருங்கள். 21 வயதில் ஓலின் ஸ்டீஃபன்ஸ் வரைந்து, 1930இல் இறங்கியது. 1931இல் அட்லான்டிக்கைக் கடக்கும் பந்தயத்தில் அடுத்த படகுக்கு இரண்டு நாள் முன்னால் வந்தது. 1936இல் கலிஃபோர்னியாவிலிருந்து ஹவாய்க்கு ஓடும் டிரான்ஸ்பாக் பந்தயத்தை வென்றது. 2013இல், 77 ஆண்டு கழித்து, அதே பந்தயத்தை நவீனப் படகுகளுக்கு நடுவே திருத்திய நேரக் கணக்கில் மறுபடி வென்றது. கூடத்தில் நிறுத்தியிருந்தால் அதற்கு இவ்வளவு உடல்நலம் இருந்திருக்காது. பாழாகிவிடும் என்று பயப்படவும் வேண்டாம், காற்று மிஞ்சும் நாளில் பந்தயத்தை ஒத்திவைக்கிறார்கள். 25 நாட் நெருங்கினாலே பல நடுவர்கள் ஒத்திவைப்புக் கொடி ஏற்றிவிடுவார்கள், நல்ல தலைவர்கள் அதற்கு முன்பே பாயைச் சுருக்கிவிடுவார்கள்.

பழைய மரப் படகு ஒண்ணு விலைக்கு வருது. வார்னிஷ் கண்ணாடி மாதிரி இருக்கு. வாங்கிடலாமா?

வார்னிஷைப் பார்க்காதீர்கள். முதலில் ஒரு பருவம் முழுவதும் யாரோ ஒருவரின் படகில் மாலுமியாகப் போங்கள், குளிர்காலத்தில் அவரோடு சேர்ந்து தேய்த்து வண்ணமும் பூசுங்கள். அதற்குப் பிறகும் ஆசை குறையவில்லை என்றால், மரப் படகு மட்டுமே பார்க்கும் மதிப்பீட்டாளர் ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள்.

உள்ளே தலை நுழைத்ததும் மூக்கால் பாருங்கள். கடல் வாசமும் தார் வாசமும் நல்லது, காளான் வாசம் கெட்டது. பாய்மரத்தின் அடி ஊன்றிய இடம், மேல்தட்டு உடலைச் சந்திக்கும் மூலை, பின்முனையின் உட்பக்கம் எல்லாம் மழைநீர் தேங்கும் இடங்கள். திருப்புளியின் முனையால் அழுத்திப் பாருங்கள், வெண்ணெயில் போல இறங்கக் கூடாது. வங்குகள் அதிகமாக வளையும் இடத்தில் குறுக்கே வெடித்திருக்கின்றனவா என்று விரலால் தடவுங்கள்.

கடைசியாக ஏரா ஆணி. ஈயத்தை மரத்தோடு பிணைக்கும் அந்த நீண்ட ஆணியின் தலை பளிச்சென்று இருக்கும். மரமும் ஈயமும் சேரும் நடுப்பகுதியில்தான் அரித்து ஒல்லியாகும், வெளியே தெரியவே தெரியாது. ஒன்றிரண்டைக் கழற்றி முழு நீளத்தையும் பார்க்க வேண்டும். கழற்ற விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால் அந்தப் படகை விட்டுவிடுங்கள்.